ஆவரசுக்குத் தண்ணீர் வேண்டாம், மாரி வேண்டும்

இலங்கையின் வன்னியில், கனகராயன்குளத்தில் எங்கள் காணியின் முன்பக்கம், படலையிலிருந்து கிழக்கு மூலை வரைக்கும் வேலியோரமாக ஒரு நீட்டுப் பட்டை நிலம் கிடக்கிறது. வீடு கட்டுகிற காலத்தில் லொறி ஏறி இறங்க வசதியாகக் கிறவல் (சரளை மண்) பறித்து நிரவிய இடம். மேலே ஒரு சாண் கிறவல், அதற்குக் கீழே எங்கள் பக்கத்துச் செம்மண். கோடையில் மண்வெட்டி எகிறும் அளவுக்கு இறுகிவிடும், மாரியில் அதே மண் கால் புதையச் சேறாகும். இந்த இடத்தில் றோசா வைத்தோம், குறோட்டன் வைத்தோம், செவ்வந்தி வைத்தோம். எல்லாம் தை, மாசி வரைக்கும் நல்ல பிள்ளைகளாக நின்றுவிட்டு, ஆனி, ஆடியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று எழும்ப விறகாகிவிடும். அந்த மாதங்களில் கிணற்றில் மோட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே காற்று இழுக்கத் தொடங்கும். குடிக்கவும் குளிக்கவும் உள்ள தண்ணீரைப் பூக்கன்றுக்கு ஊற்ற வீட்டில் யார் விடப்போகிறார்கள்?

சரி, தண்ணீரே கேட்காத ஒன்றை, அதுவும் இந்த நாட்டு வெயிலில் தானாகவே முளைத்துப் பழகிய ஒன்றை வைத்துப் பார்ப்போம் என்று ஆவரசில் வந்து நின்றேன். பூநகரிப் பக்கமிருந்து மன்னார் போகிற வீதியோரத்தில், மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதுதான். கடைகளில் 'ரணவரா' என்று பைக்கற்றில் அடைத்து விற்கிற பூவும் இதுதான். தாவரவியல்காரர் சென்னா ஓரிகுலேட்டா என்பார்கள். இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் இயற்கையாக வளர்வது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை இந்தச் செடியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் அதை விட்டுவிடுகிறேன்.

அலவாங்கோடு வேலியோரம் நின்றபோதே எதிர்வீட்டு அண்ணை கேட்டார்: "உதென்ன தம்பி, காசைச் செலவழிச்சு வேலியை அடைச்சுப்போட்டு உள்ளுக்குப் பத்தை வளர்க்கப் போறியோ?"

"பூக்கிற பத்தை அண்ணை."

"பூத்தாலும் பத்தை பத்தைதானே."

அவர் சொன்னதில் பிழையில்லை. பத்தைதான். ஆனால் ஒரு காட்டுப் பத்தையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது அவ்வளவு சுலபமில்லை. வறட்சியைத் தாங்கும் செடி என்றதும் எந்த மாதத்தில் நட்டாலும் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். தாங்குவதற்கு முதலில் அதற்கு ஆணிவேர் ஆழத்துக்குப் போயிருக்கவேண்டும், அந்த வேர் இறங்குவதற்கு நனைந்த மண் வேண்டும். இலங்கையில் வருடத்துக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை விழும் இடங்களைத்தான் உலர்வலயம் என்கிறார்கள். வன்னி முழுக்க அதற்குள் வருகிறது. அந்த மழையிலும் பெரும்பங்கு வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு ஐப்பசியிலிருந்து தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் இடிமுழக்கத்தோடு சில மழை, பிறகு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் வானம் பூட்டு. ஆக, வேருக்குக் கிடைப்பது அந்த மூன்று மூன்றரை மாதம். நான் செய்த வேலை எல்லாம் அந்தக் காலத்தை வீணாக்காமல் வேரைக் கீழே அனுப்புவதைச் சுற்றித்தான்.

முதலில் விதை. ஆவணியில் காய் நன்றாகக் காய்ந்து நிற்கும்போது பூநகரி வீதியோரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இதில் ஆள்மாறாட்டம் நடக்க இடமிருக்கிறது, ஏனென்றால் மஞ்சள் பூப்பூக்கும் சொந்தக்காரர் இதற்கு நிறையப் பேர். தகரையின் காய் மெலிந்து நீண்டிருக்கும். பேயாவரையின் காய் ஒடுங்கி இலேசாக வளைந்திருக்கும், அதன் விதை ஆடுமாட்டுக்கு நஞ்சு. ஆவரசங்காய் தட்டையானது, அகலமானது, விரல் நீளம் இருக்கும், காய்ந்ததும் கடதாசி மாதிரி மெலிந்து உள்ளே இருக்கிற ஒவ்வொரு விதையும் வெளியே புடைத்துத் தெரியும். ஒரு காயில் பன்னிரண்டிலிருந்து இருபது விதை வரை எடுக்கலாம். காய் இல்லாத செடியை அடையாளம் பிடிக்க இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே காதுமடல் போல அகன்ற பச்சைச் செதில் இரண்டு, தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். மற்றச் சொந்தக்காரருக்கு அது இப்படி இராது. இன்னொன்று, வீதியோரத்திலேயே வேண்டிய அளவு விதை இருக்கும்போது உள்ளே பற்றைக்குள் இறங்கித் தேடாதீர்கள். கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பதை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

காயை உடைத்துத் தட்டில் கொட்டினால் பாதி விதையில் குண்டூசித் துளை. வண்டு உள்ளேயே பிறந்து தின்றுவிட்டு வெளியே போன வழி அது. துளை விழுந்ததை எறிந்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு, மிதந்ததையும் அள்ளி வீசினேன். தாண்டதுதான் விதை.

இந்த விதை அப்படியே போட்டால் முளைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மேல்தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் அது ஒரு நல்ல ஏற்பாடு. ஒரு மழைக்கு எல்லா விதையும் ஒன்றாக முளைத்து, அடுத்து வெயில் எறித்தால் பூண்டோடு போய்விடும். தோல் கெட்டியாக இருப்பதால் சிலது இந்த வருடம், சிலது அடுத்த வருடம், சிலது அதற்கும் பிறகு என்று பிரிந்து முளைக்கும். தோட்டக்காரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் ஒரே பையிலிருந்த விதையை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கை அப்படியே போட்டேன். ஒரு பங்குக்கு வெந்நீர். ஒரு பங்கைச் சான்ட் பேப்பரில் உரசினேன்.

வெந்நீர் என்றால் அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் இல்லை. கொதித்த கேத்திலை இறக்கி வைத்து, குமிழி அடங்கின பிறகு, விதையைப் போல் ஐந்து மடங்கு தண்ணீரை அதன்மேல் ஊற்றி, மூடி வைத்து, இரவு முழுக்க அப்படியே ஆறவிடவேண்டும். அடுப்பிலேயே வைத்து அவித்தால் விதை செத்துப்போகும். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரே கோப்பைக்குள் மூன்று விதமான விதை கிடந்தது. சிலது போட்டபடியே மண்ணிறமாக மினுங்கிக்கொண்டு, ஒரு மாற்றமும் இல்லாமல். சிலதில் தோல் மட்டும் தண்ணீர் குடித்துச் சுருங்கி, நெளிநெளியாக, உள்விதையை விட்டுத் தளர்ந்து. மீதி இரண்டு மடங்கு ஊதி, மினுக்கம் போய், விரலால் அமத்தினால் வழுக்குகிற பதத்தில். ஊதியது உடனே மண்ணுக்குப் போனது. சுருங்கியதை இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அதுவும் ஊதும். மினுங்குவதைத் திரும்பவும் ஒருதடவை வெந்நீரில் போடவேண்டும்.

சான்ட் பேப்பர் வேலை மெல்லியது. விதையில் கூராக இருக்கிற முனைப் பக்கம்தான் முளை இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. எதிர்ப்பக்க விளிம்பை இரண்டு மூன்று இழுப்பு உரசி, மண்ணிறம் போய் உள்ளே வெளிறின நிறம் தெரிந்ததும் நிறுத்தவேண்டும். பிறகு பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டால் போதும். அநேகமாக எல்லாமே முளைத்தது. வெந்நீர்ப் பங்கில் பாதிக்கு மேல். அப்படியே போட்டதில் அங்கொன்று இங்கொன்று. கொஞ்ச விதை என்றால் உரசுங்கள், ஒரு சுண்டு விதை வைத்திருக்கிறவர் வெந்நீர்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் விரல்நுனி தேய்ந்துவிடும்.

அடுத்தது குழி. புரட்டாதியில் இந்த நிலத்தில் அலவாங்கைப் போட்டால் தீப்பொறிதான் பறக்கும், ஆகவே ஐப்பசி முதல் மழை விழுந்து இரண்டு நாள் கழித்து இறங்கினேன். மேலே கிடந்த கிறவலைக் கடகத்தில் அள்ளி ஒரு பக்கம் குவித்துவிட்டு, ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்கு மூன்று அடிக்கு ஒன்றாகக் குழி. லொறி ஏறி இறுகிய படையை உடைப்பதுதான் நோக்கம். ஆணிவேர் எவ்வளவு பலமென்றாலும் அந்த இறுக்கத்தில் முட்டினால் பக்கவாட்டில் திரும்பிவிடும். வெட்டின மண்ணையே கட்டி உடைத்துத் திரும்பப் போட்டேன். எரு போடவில்லை, உமி போடவில்லை, ஒன்றும் இல்லை. மாட்டெரு போட்டால் செடி கொழுத்து வளரும், உண்மைதான், ஆனால் கொழுத்த மெல்லிய தண்டை வைத்துக்கொண்டு கச்சான் காற்றுக்கு முன்னால் நிற்க முடியாது. அதோடு மேல்மண்ணிலேயே சாப்பாடு கிடைத்தால் வேர் கீழே போக வேலையில்லாமல் போய்விடும்.

குழியை மூடி நில மட்டத்துக்கு விடாமல் அரை அடி உயரத்துக்குக் கும்பியாக ஏற்றினேன். வறண்ட நிலத்துச் செடிக்கு ஏன் மேடு என்று அம்மா கேட்டார். மாரியில் தண்ணீர் தேங்காமல் இருக்கத்தான். இந்தச் செடி கோடை முழுக்கத் தாகத்தோடு நிற்கும், ஆனால் கால் நனைந்தபடி ஒரு கிழமை நிற்காது, வேர் அழுகிவிடும். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெய்த மழையைப் பார்த்தவர்களுக்கு இங்கே வறட்சியும் வெள்ளமும் ஒரே வருடத்தில் வரும் என்பது தெரியும். மேட்டுக்கு அருகே ஒரு சின்ன வாய்க்கால் இழுத்து வீதிப் பக்கம் விட்டேன்.

நடுவதிலும் மூன்று விதம் செய்து பார்த்தேன். ஒரு பங்குக் குழிகளில் ஊறின விதையை நேரடியாகப் போட்டேன், குழிக்கு மூன்று விதை, விரல் நகத்தின் அளவு ஆழம், அவ்வளவுதான். இன்னொரு பங்குக்கு நாற்றுத் தவறணையில் தேக்கங்கன்று வைக்கிற சாதாரணக் கறுப்புப் பொலித்தீன் பை. மூன்றாவது பங்கு வீடு கட்டியபோது மிஞ்சிக் கிடந்த மூன்று அங்குல பீவீசீ பைப் துண்டுகளில். ஒரு அடி நீளத்துக்கு அறுத்து, நீட்டுக்கு இரண்டாகப் பிளந்து, கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டி, நிமிர்த்தி அடுக்கி, மணலும் செம்மண்ணும் பாதிப் பாதி நிரப்பினேன். அடிப்பக்கம் திறந்தபடி, கீழே ஒரு பழைய சாக்கு. நடுகிற நேரம் கம்பியை அவிழ்த்தால் மண் உதிராமல் கன்று வெளியே வரும்.

ஒரு கிழமைக்குள் முளை வந்துவிட்டது. இரண்டு தடித்த வித்திலை, பிறகு அதற்கு நடுவே முதல் கூட்டிலை. பொழுதுபட்டால் சின்னஞ்சிறு இலையெல்லாம் ஒன்றோடொன்று மடிந்து தூங்கும், வெயில் ஏறின பிறகு விரியும். மேலே பார்க்க இவ்வளவுதான், மூன்று கிழமையாகியும் கன்று நாலு விரல்கூட உயரவில்லை. பொலித்தீன் பை ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். நாலு இலைகூட ஒழுங்காக இல்லாத கன்றுக்கு வேர் பையின் அடியைத் தொட்டு, போக வழியில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கீழே. பைப்பில் வளர்ந்ததை அவிழ்த்தால் வேர் நேராக ஒரு நூலிழைபோலச் சாக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. அப்போதே எது நிற்கும் எது விழும் என்பது அநேகமாகத் தெரிந்துவிட்டது. சுற்றின வேரை நட்டாலும் அது அந்தச் சுற்றிலேயேதான் தடிக்கும்.

வேரைப் பற்றி இன்னொன்று. அவரைக் குடும்பத்துச் செடி, ஆகவே வேரில் முடிச்சு இருக்கும், நிலத்துக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கிளறிப் பார்த்தால் ஒரு முடிச்சும் இல்லை. சென்னா இனச் செடிகளுக்கு அந்தப் பழக்கம் பொதுவாக இல்லை. உரத்துக்காக நடுவதென்றால் காவிளாய் விதையுங்கள், அது வேறு கதை.

பைக்கன்றையும் பைப் கன்றையும் கார்த்திகை நடுவில் மழை விட்டிருந்த ஒரு பின்னேரத்தில் குழிக்கு மாற்றினேன். மார்கழியில் நட்டிருந்தாலும் பிழைத்திருக்கும், ஆனால் வேருக்கு ஒரு மாத மழை நட்டம். நேரடி விதைப்பில் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை நகத்தால் கிள்ளிவிட்டேன். பிடுங்கினால் பக்கத்தில் நிற்பதன் வேரும் ஆடும்.

மழைக்காலத்தில் எதிரி மயில். காலையில் ஒரு கூட்டம் வரும், முளையைத் தின்பதற்கென்று வருவதில்லை, கிளறிய புது மண்ணைக் கண்டால் காலால் வாரி இறைக்கிற குணம். இலந்தை முள்ளை வெட்டி ஒவ்வொரு மேட்டிலும் கவிழ்த்து வைத்தேன், பிறகு வரவில்லை. ஆடு உள்ளே வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும், ஆவரசு அதற்கு ருசிப்பதில்லை. கட்டாக்காலி மாட்டுக்கும் ருசிக்காது, ஆனால் அது தின்னாமலே முறித்துவிடும், உடம்பு தேய்க்கத் தடி கிடைத்தால் விடுமா? படலையைப் பூட்டி வைப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

தையில் மழை விட்டதும் வைக்கோல் பரப்பினேன். எல்லாத் தோட்டக் குறிப்பிலும் வருகிற மூடாக்குத்தான். எங்கள் நிலத்தில் அதற்கு வருகிற முதல் விருந்தாளி கறையான். வைக்கோலுக்கு அடியால் மண்கூடு கட்டிக்கொண்டு இரண்டு கன்றின் அடித்தண்டு வரைக்கும் ஏறியிருந்தது. உடனே முழுவதையும் வாரி எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, ஐப்பசியில் வெட்டிக் குவித்த அந்தக் கிறவலையே எடுத்து மேட்டின் மேல் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினேன். கறையானுக்கு அதில் ஒன்றும் இல்லை, வெயில் நேராக மண்ணில் படாது, புல்லும் குறைவு.

மாசி முடிய வாளியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அதுவரைக்கும்கூட மழைக்கு நடுவே பத்து நாள் இடைவெளி விழுந்தால் மட்டும் கன்றுக்கு அரை வாளி, தூறலாக இல்லாமல் ஒரேயடியாக ஊற்றுவேன், ஈரம் கீழே போகவேண்டும் என்பதற்காக. பங்குனியிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. வீட்டில் இது பெரிய விவாதமானது. அம்மாவுக்கு வாடின செடியைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. படலைக்குப் பக்கத்து நாலைந்து கன்றுக்கு மட்டும் பாத்திரம் கழுவின தண்ணீர் பின்னேரங்களில் போய்க்கொண்டிருந்ததை நான் கிறவலின் ஈரத்தில் கண்டுபிடித்தேன்.

"அம்மா, நீங்களே தண்ணி விட்டனீங்கள்?"

"வாயில்லாச் செடி தம்பி. நீ பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிப் பட்டினி போடுறாய், அது பாவமெல்லே."

"விடுங்கோ, உந்த நாலையும் நீங்கள் வளர்த்துக்கொள்ளுங்கோ. ஆடியிலை பாப்பம்."

அம்மாவின் கன்றுகள் சித்திரையில் மற்றதை விட ஒரு சாண் உயரம், இலை கரும்பச்சை, பார்க்க அழகு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனியில் கச்சான் தொடங்கியது. இங்கே அந்தக் காற்று எப்படி என்று தெரியாதவர்களுக்கு: வெளியே காயப்போட்ட சேலை அரைமணியில் காய்ந்துவிடும், முற்றத்துப் புழுதி சமையலறைப் பானைக்குள் வரும், இரவிலும் ஓயாது. அம்மாவின் கன்றுகள் அடியிலிருந்தே சாய்ந்தன. சாய்ந்த ஒன்றை நிமிர்த்தித் தடி கட்டுகிறபோது பார்த்தேன், பக்கவேர் மேல்மண்ணில் பரவலாக ஓடியிருந்தது. பட்டினி கிடந்தவை கட்டையாக, அடியிலேயே கிளைத்து, பாதி இலையை உதிர்த்துவிட்டு, மிச்ச இலையை மத்தியானத்தில் மடித்துக்கொண்டு நின்றன. இலை உதிர்ந்ததைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. நகத்தால் தண்டில் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அது செலவைக் குறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைச் சொன்னால், நேரே விதைத்ததில் கோடை தாண்டாதவை மிகக் குறைவு. பைப் கன்றும் கிட்டத்தட்ட அதே அளவு. பொலித்தீன் பைக் கன்றில் பாதிக்கு மேல் ஆடிக்குள் போய்விட்டது, நின்றவையும் இன்றைக்கும் குட்டையாகவே நிற்கின்றன. காட்டுச் செடி வாங்குகிறபோது பெரிய கன்றாகப் பார்த்துப் பொறுக்குவது எங்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம், இந்த இனத்தில் அது தலைகீழ். சின்னப் பையில் பெரிய செடி என்றால் உள்ளே வேர் சுற்றிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

நேரே விதைத்தவற்றில் சிலது ஆவணியிலேயே நுனியில் மொட்டுக் கட்டின, முதல் வருடத்திலேயே. நான் எதிர்பார்க்கவில்லை. மற்றவை அடுத்த மாரிக்குப் பிறகுதான் பூத்தன. பூவை ஒருநாள் கிட்டப் போய் ஆறுதலாகப் பார்த்தேன். ஐந்து மஞ்சள் இதழ், இதழில் மெல்லிய நரம்புகள், விளிம்பு நெளிந்திருக்கும். நடுவே பத்துக் கேசரம், ஆனால் பத்தும் ஒன்றுபோல இல்லை. மேலே மூன்று குறுகி மலடாக இருக்கும், கீழே நிற்பவை நீண்டு வளைந்திருக்கும். மகரந்தம் தூளாக வெளியே தெரியாது, ஒவ்வொரு பையின் நுனியிலும் உள்ள சின்னத் துவாரத்தின் வழியாகத்தான் வரவேண்டும். தேனும் இல்லை. அப்படியானால் யார் வருவார்கள்? கூரைமரத்தில் துளைபோடுகிற அந்தப் பெரிய கறுத்த வண்டு வருகிறது. வந்து கேசரத்தைக் கால்களால் கட்டிப்பிடித்து, செட்டையை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கிறபோது கேட்கிற சத்தம் வேறு, அந்த நேரம் வருகிற சத்தம் வேறு, சட்டென்று கூரான ஒரு ரீங்காரம். அந்த அதிர்வில் துவாரத்தால் மகரந்தம் பீறிட்டு வண்டின் வயிற்றில் மஞ்சளாக ஒட்டும். காலை வெயில் ஏறமுதல் நின்றால் திரும்பத் திரும்பக் கேட்கலாம். தேன்பெட்டி வைத்திருக்கிறவர்கள் தேனுக்காக ஆவரசு நட்டுப் பயனில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இலையில் பச்சைப் புழு வரும், பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் கறுத்தப் புள்ளி வரிசையும் இருக்கும். மருந்தடிக்கச் சொல்லி ஆலோசனை வந்தது, நான் அடிக்கவில்லை. சில கிளைகளை மொட்டையடித்தன, பிறகு வெளிறின பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளாக அதே செடியைச் சுற்றிப் பறந்தன. மொட்டையான கிளை பத்துப் பதினைந்து நாளில் திரும்பத் துளிர்த்துவிட்டது. இலையைத் தின்னாமல் பூச்சி மட்டும் வா என்றால் எப்படி?

இரண்டாம் வருடம் புரட்டாதியில், காயெல்லாம் எடுத்த பிறகு, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். கூரான கத்தியால் சரிவாக ஒரே வெட்டு. அண்ணை வேலிக்கு அப்பால் நின்று தலையை ஆட்டினார். ஆனால் இது அடித்துவிட்டால் அடியிலிருந்து பொங்கி வருகிற செடி. முன்பு இந்தியாவில் தோல் பதனிடுவதற்காகப் பட்டை உரிக்கவென்றே பெருமளவில் வெட்டியெடுத்தவர்கள், அடிக்கட்டையிலிருந்து திரும்பத் தழைக்கும். பூ புதுத் துளிரின் நுனியில்தான் வருவதால், வெட்டினால் நுனி கூடும், நுனி கூடினால் பூ கூடும். வெட்டுவதென்றால் மழைக்கு முன்பு மட்டும் வெட்டுங்கள். தையில் வெட்டினால் துளிர் கோடைக்குள் மாட்டிக்கொள்ளும்.

பூவைக் காலையில் பனி காய்ந்ததும் பிடுங்கி, நிழலில் ஓலைப்பாயில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்குகிற பதம் வர டின்னில் அடைக்கிறோம். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறிவிடும். ஒரு பிடி பூவைக் கொதிக்கவிட்டு வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் இலேசான துவர்ப்போடு நன்றாக இருக்கும். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதுவும் சீனியைக் குறைக்கும் என்றுதான் ஆட்கள் குடிக்கிறார்கள், இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறக் குறைத்துவிடக் கூடாது.

இப்போது செடிகள் நெஞ்சளவு உயரம், ஒன்றோடொன்று கிளை பின்னிவிட்டன. மூன்று அடி இடைவெளி வேலியாக வளர்ப்பதற்குச் சரி. ஒவ்வொன்றும் தனித்தனிப் பத்தையாகக் குடைவிரித்து நிற்கவேண்டும் என்றால் ஐந்து அடி விடுங்கள். என்னுடையதில் ஒன்றுவிட்ட ஒன்றை எடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. பெயர்த்துக் கொண்டுபோய்ப் பின்வளவில் நடலாமே என்று மச்சான் கேட்கிறான். இந்த வயதில் ஆணிவேர் எங்கே முடிகிறது என்று அலவாங்கால் தேடிக்கொண்டு போக முடியாது, பாதியில் அறுந்தால் மேலே எவ்வளவு இலை இருந்தாலும் நிற்காது. எடுப்பதென்றால் அடியோடு தறித்து அடுப்புக்குப் போடுவதுதான், பின்வளவுக்கு ஐப்பசியில் புதிதாக விதை.